மூன்றாவது முறையாக மெனிஞ்சைட்டிஸ் (மூளையுறை அழற்சி), மறுபடி லிம்போசைட்: இந்தத் தடவையும் டிபி மருந்தா?

தாலுகா_டாக்டர்:

பெண், வயது 36, எடை 55 கிலோ. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. நேற்று காலையிலிருந்து கடும் தலைவலி, 101 டிகிரி காய்ச்சல், வாந்தி, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கழுத்து விறைப்பு தெளிவாக இருக்கிறது. நினைவு, பேச்சு இரண்டும் சரி. வலிப்பு இல்லை, கை கால் பலம் குறையவில்லை, ஃபண்டஸில் பாப்பிலிடீமா (மண்டைக்குள் அழுத்தம் கூடி பார்வை நரம்பு வீங்குவது) இல்லை.

இது மூன்றாவது தடவை. முதல் தடவை நாலு வருடம் முன்பு. அப்போதைய சிஎஸ்எஃப் (மூளை, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர்): செல் 310, அதில் லிம்போசைட் (ஒரு வகை வெள்ளையணு) 92 சதவீதம், புரதம் 96, சர்க்கரை 58, அதே நேர ரத்தச் சர்க்கரை 104. 'பாதி சிகிச்சை பெற்ற பாக்டீரியா' என்று எழுதி செஃப்ட்ரியாக்சோன் 10 நாள் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது தடவை ஒன்றரை வருடம் கழித்து, வேறொரு ஆஸ்பத்திரியில்: செல் 240, லிம்போசைட் 95, புரதம் 110, சர்க்கரை 49 (ரத்தச் சர்க்கரை எழுதவில்லை), ஏடிஏ (டிபியில் கூடும் நொதி) 6, சிபிநாட் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) நெகட்டிவ். டிபி மெனிஞ்சைட்டிஸ் என்று மருந்து தொடங்கி, 9 மாதம் முழுதாகச் சாப்பிட்டு முடித்திருக்கிறார். சார்ட்டைப் பார்த்தால் மருந்து தொடங்கிய நாலாம் நாளே காய்ச்சலும் தலைவலியும் இல்லை. இரண்டு தடவையும் கான்ட்ராஸ்ட் எம்ஆர்ஐ நார்மல், ஹெச்ஐவி நெகட்டிவ். வைரஸ் பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) ஒரு தடவைகூட அனுப்பவில்லை.

செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம், டெக்ஸாமெத்தசோன் (ஸ்டீராய்டு) முதல் டோஸ் போட்டாகிவிட்டது. இன்று எல்பி (இடுப்புத் தண்டில் ஊசி போட்டு சிஎஸ்எஃப் எடுப்பது) செய்யப்போகிறோம். என்னென்ன அனுப்ப வேண்டும்? அசைக்ளோவிர் (ஹெர்பிஸ் வைரஸுக்கான மருந்து) தொடங்கலாமா, எத்தனை நாள்? இது நாலாவது தடவை வராமல் தடுக்க மாத்திரை உண்டா? குடும்பம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: மறுபடி டிபி மருந்து சாப்பிட வேண்டுமா?

---

நரம்புமுடிச்சு:

எல்பி இன்றைக்கே நடக்கட்டும், தள்ளாதீர்கள். நினைவு தெளிவு, வலிப்பு இல்லை, ஃபோக்கல் குறை இல்லை, பாப்பிலிடீமா இல்லை, எதிர்ப்புசக்திக் குறைவும் இல்லை. ஆகவே இவருக்கு முன்கூட்டியே சிடி தேவையில்லை. சிடிக்காகக் காத்திருந்து மூன்றாம் நாள் எல்பி செய்வதுதான் இந்த நோயைத் தவறவிடும் வழக்கமான வழி.

விட்டு விட்டு வருகிறது, ஒவ்வொன்றும் சில நாளில் முழுதாகத் தெளிகிறது, இடைப்பட்ட காலத்தில் ஆள் நன்றாக இருக்கிறார், ஒவ்வொரு முறையும் சிஎஸ்எஃப்பில் லிம்போசைட். இப்படி ஒரு பெரியவர் வந்தால் முதலில் நினைக்க வேண்டியது மோலரே மெனிஞ்சைட்டிஸ். பிரெஞ்சு நரம்பியலாளர் பியர் மோலரே 1944-ல் விவரித்தது. (மூளைச்சாவு என்று இன்று நாம் சொல்லும் நிலையை 1959-ல் கூலோனுடன் சேர்ந்து எழுதியவரும் இவரே.) அவர் காலத்தில் காரணம் தெரியாது. 1990-களில் சிஎஸ்எஃப் பிசிஆர் வந்த பிறகுதான் பெரும்பாலானவர்களிடம் இருப்பது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் இரண்டாம் வகை, ஹெச்எஸ்வி-2, என்று தெரிந்தது. முதல் வகை அபூர்வம். மூளையையே தாக்கும் என்செஃபலைட்டிஸுக்குப் பெரியவர்களிடம் காரணமாவது ஹெச்எஸ்வி-1, உறையோடு நின்று திரும்பத் திரும்ப வருவது ஹெச்எஸ்வி-2. இந்தப் பிரிவினை எப்போதும் கச்சிதமாக இருக்காது என்றாலும் வார்டில் உதவும்.

வைரஸ் இடுப்புக்குக் கீழே சேக்ரல் நரம்பு முடிச்சுகளில் தூங்கிக்கொண்டிருக்கிறது. விழிக்கும்போது ஒரு சமயம் தோலுக்குப் போகிறது, ஒரு சமயம் உள்ளே மூளையுறைக்குப் போகிறது. அதனால் தலைவலிக்கு முந்தைய சில நாட்களில் பிட்டத்திலோ தொடையின் பின்புறத்திலோ மின்சாரம் பாய்ந்த மாதிரி வலி, மரமரப்பு, சிறுநீர் பிரிவதில் சிரமம், மலச்சிக்கல் இருந்ததா என்று கேளுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டால் யூரின் இன்ஃபெக்ஷன் என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்று ஒரு ஸ்கேன் போதும். பிறப்புறுப்பில் புண் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. மெனிஞ்சைட்டிஸோடு வருபவர்களில் பலருக்கு அப்படி ஒரு புண் வந்த நினைவே இருக்காது. 'புண் இல்லை, அதனால் ஹெர்பிஸ் இல்லை' என்று முடிவுகட்டக் கூடாது.

டிபி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது தடவை டிபி மருந்து தொடங்கியதில் தப்பு சொல்ல மாட்டேன். நம் ஊரில் லிம்போசைட்டும் 110 புரதமும் பார்த்து, விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படுவது நியாயமான பயம். ஆனால் திரும்பிப் பார்க்கும்போது அந்த சார்ட்டே பதில் சொல்கிறது. டிபி மெனிஞ்சைட்டிஸ் நாள்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் ஊர்ந்து வரும். மருந்து ஆரம்பித்த பிறகும் காய்ச்சல் இறங்க, தலைவலி விட வாரங்கள் ஆகும். நாலாம் நாள் பளிச்சென்று எழுந்து உட்கார்ந்தால் அது மருந்தின் வேலையல்ல, நோய் தானாக அடங்கியது. முதல் தடவை டிபி மருந்தே இல்லாமல் குணமாகி ஒன்றரை வருடம் நன்றாக இருந்திருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சை பெறாத டிபி மெனிஞ்சைட்டிஸ் அப்படி விட்டுவைக்காது.

அந்த 49 சர்க்கரையைத் தனியாகப் பார்த்து யாரோ குறைவு என்று முடிவெடுத்திருக்கலாம். கூடவே ரத்தச் சர்க்கரை இல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. இன்னொன்று: வாந்தியோடு வந்த நோயாளிக்கு நம் ஊரில் முதலில் ஏறுவது குளுக்கோஸ் டிரிப். ரத்தச் சர்க்கரை மளமளவென்று ஏறும், சிஎஸ்எஃப்பில் அது சமன்படச் சில மணி நேரம் ஆகும். விகிதம் பொய்யாக 0.4-க்குக் கீழே போய், டிபி போலத் தோற்றம் காட்டும். இன்று எல்பிக்கு முன்னால் நார்மல் சலைன் மட்டும் ஓடட்டும்.

இதையெல்லாம் வைத்து ஹெச்எஸ்வி-2 என்று முடிவே செய்துவிடவும் கூடாது. திரும்பத் திரும்ப வரும் லிம்போசைட் மெனிஞ்சைட்டிஸுக்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றில் முதலில் தேட வேண்டியது மாத்திரை டப்பாவில். இபுப்ரோஃபென் (காம்பிஃப்ளாம் எடுப்பவர்கள் அதை வலி மாத்திரையாகவே எண்ண மாட்டார்கள்), கோட்ரைமாக்சசோல், லாமோட்ரிஜின், நரம்பு வழி இம்யூனோகுளோபுலின். மாத்திரை போட்ட சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் வரும், அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் வரும், நிறுத்தினால் போய்விடும். இதில் நியூட்ரோஃபில் (இன்னொரு வகை வெள்ளையணு) தூக்கலாக இருப்பது வழக்கம். ஒவ்வொரு தாக்குதலுக்கும் முந்தைய 3 நாளில் என்ன விழுங்கினார் என்று எழுதி வாங்குங்கள். இபுப்ரோஃபென்னில் வந்தால் லூபஸ் (எதிர்ப்புசக்தி உடம்பையே தாக்கும் நோய்) இருக்கிறதா என்று ஏஎன்ஏ ரத்தச் சோதனை பார்க்க வேண்டும்.

அடுத்தது கண்ணும் வாயும். பார்வை மங்கல், காதிரைச்சல், பிறகு இமைமுடி நரைத்தல், தோல் வெளுத்தல் என்றால் வோக்ட்-கொயனகி-ஹரடா நோய். நம் நிறத்தவர்களிடம் இது அவ்வளவு அபூர்வம் இல்லை. ஸ்லிட் லாம்பில் ஒரு கண் மருத்துவர் பார்த்தால் ஐந்து நிமிட வேலை. திரும்பத் திரும்ப வாய்ப்புண்ணும் பிறப்புறுப்புப் புண்ணும் இருந்தால் பெசெட் நோய். இந்தப் புண்ணை ஹெர்பிஸ் என்று தவறாக எண்ணுவது சுலபம். எபிடெர்மாய்டு கட்டி கசிந்தாலும் இப்படி வரும். பழைய எம்ஆர்ஐயில் டிஃப்யூஷன் படம் எடுத்திருந்தால் அதை மட்டும் மறுபடி ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், சாதாரண படத்தில் அது சிஎஸ்எஃப் போலவே தெரிந்து ஒளிந்துகொள்ளும். சிஃபிலிஸ், ஹெச்ஐவி இரண்டும் இந்தத் தடவையும் பார்க்க வேண்டும். பழைய நெகட்டிவ் பழையதுதான்.

அசைக்ளோவிர்: பிசிஆர் முடிவு வரும்வரை தொடங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எதற்காகக் கொடுக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், நடத்தை மாற்றம், வலிப்பு, இதில் ஒன்று வந்தாலும் அது என்செஃபலைட்டிஸ். அங்கே ஒரு டோஸ்கூடத் தாமதிக்கக் கூடாது, 14 முதல் 21 நாள் நரம்பு வழிதான். வெறும் மெனிஞ்சைட்டிஸ் என்றால் கதை வேறு. எதிர்ப்புசக்தி சரியாக உள்ளவர்களுக்கு அசைக்ளோவிர் நாளைக் குறைக்கிறது என்று காட்டிய ரேண்டமைஸ்டு ஆய்வு கிடையாது. பிரிட்டனின் 2016 வழிகாட்டுதல் ஹெர்பிஸ் மெனிஞ்சைட்டிஸுக்கு வைரஸ் மருந்தைப் பரிந்துரைக்கவில்லை. பல இடங்களில் செய்வது: சில நாள் நரம்பு வழி, சாப்பிடத் தொடங்கியதும் வாலசைக்ளோவிர் (உடம்புக்குள் அசைக்ளோவிராக மாறும் மாத்திரை) 1 கிராம் மூன்று வேளை, மொத்தம் 7 முதல் 14 நாள். சிறுநீர் அடைப்போ கால் மரமரப்போ இருந்தால் நான் கொடுத்துவிடுவேன். மூன்றாம் நாளே தெளிந்துவிட்டவரை 14 நாள் ஊசிக்காகப் படுக்கையில் வைத்திருப்பது தண்டனை.

---

சென்ட்ரிஃப்யூஜ்:

ஆய்வகப் பக்கத்திலிருந்து. சாம்பிள் வரும் விதத்தில்தான் பாதி தகராறு.

10 மி.லி. எடுங்கள். பெரியவர்களிடம் மணிக்குச் சுமார் 20 மி.லி. சுரக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. ஒரு மி.லி. எடுத்து ஆறு பரிசோதனை கேட்டால் ஆறும் அரைகுறையாக முடியும். சிபிநாட்டுக்கும் டிபி கல்ச்சருக்கும் மட்டுமே 6 மி.லி. வேண்டும், அதைச் சுழற்றி வண்டலை எடுத்துத்தான் போட வேண்டும். இரண்டு சொட்டில் செய்த சிபிநாட் நெகட்டிவ் எதையும் நிராகரிக்காது. நல்ல அளவில் செய்தாலும் நெகட்டிவ் என்பது டிபி இல்லை என்று ஆகாது, சாத்தியம் குறைகிறது, அவ்வளவுதான்.

செல் எண்ணிக்கை ஒரு மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். அறை வெப்பத்தில் நியூட்ரோஃபில் முதலில் சிதையும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து எண்ணினால் எல்லாமே லிம்போசைட்டாகத் தெரியும், ஒரு பாக்டீரியா மெனிஞ்சைட்டிஸ் வைரஸ் வேஷம் போட்டுவிடும். ஊசி ரத்தக் குழாயில் பட்டிருந்தால் 500 முதல் 1000 சிவப்பணுவுக்கு ஒரு வெள்ளையணு என்று கழிக்கவும்.

பாக்டீரியா கல்ச்சருக்கான குழாயை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். மெனிஞ்சோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இரண்டும் குளிரில் சாகும். பிசிஆர் குழாய் அதற்கு நேர்மாறு: ஐஸ் பெட்டியில், 2 முதல் 8 டிகிரியில் வர வேண்டும். இரண்டையும் ஒரே பையில் போட்டு அனுப்பினால் எது கெட்டது என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலையாகிவிடுகிறது. பிசிஆருக்கு மூன்றாவது அல்லது நாலாவது குழாய், குறைந்தது ஒரு மி.லி., ரத்தம் கலக்காத தெளிந்த நீர். ஹீமோகுளோபின் பிசிஆரைத் தடுக்கும். ஹெப்பாரின் தடவிய சிரிஞ்சும் அப்படித்தான், அதில் எடுக்கவே கூடாது.

ஃபாரத்தில் 'வைரஸ் பிசிஆர்' என்று மட்டும் எழுதினால் போதாது. 'ஹெச்எஸ்வி-1, ஹெச்எஸ்வி-2 தனித்தனியாக, விஇசட்வி, என்டிரோவைரஸ்' என்று எழுதுங்கள் (விஇசட்வி என்பது சின்னம்மை, அக்கி வைரஸ்). சில இடங்களில் ஹெச்எஸ்வி 1/2 என்று சேர்த்து ஒரே முடிவாக வரும், வகை தெரியாது. உங்கள் கேள்விக்கே வகைதான் முக்கியம். ஃபிலிம்அரே போன்ற 14 கிருமி பேனல் சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவு தரும், 200 மைக்ரோலிட்டர் போதும். வேகத்துக்கு நல்லது. ஆனால் ஹெச்எஸ்வியில் அதற்குத் தவறான நெகட்டிவ் வருவது தெரிந்த விஷயம். சந்தேகம் வலுவாக இருந்து பேனல் நெகட்டிவ் என்றால் தனி ஹெச்எஸ்வி பிசிஆர் அனுப்புங்கள், மீதி நீரை அதற்காகவே மைனஸ் 70-ல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. மறுபடி வரும் தாக்குதல்களில் வைரஸின் அளவு முதல் தாக்குதலைவிடக் குறைவு, சீக்கிரம் மறைந்தும் விடும். முதல் சில நாளில் எடுத்தால் கிடைக்கும், ஒரு வாரம் கழித்து எடுத்தால் கிடைக்காது. இன்று இரண்டாம் நாள் என்பது நல்ல நேரம். ஒரு டோஸ் அசைக்ளோவிர் போட்டுவிட்டதால் பிசிஆர் வீண் என்று அனுப்பாமல் விடாதீர்கள், முதல் சில நாட்களில் அது பெரிய தடையில்லை.

மோலரே செல் தேடச் சொல்லி எங்களிடம் கேட்பார்கள். ஓரம் கரைந்த, உருவில் பெரிய மோனோசைட் வகைச் செல்கள். முதல் 24 மணி நேரத்தில்தான் தெரியும், உடனே ஸ்லைடு போடாவிட்டால் உடைந்துபோகும். மற்ற நோய்களிலும் பார்க்கலாம். இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம், இல்லை என்பதால் எதுவும் மாறாது.

ரத்தத்தில் ஹெர்பிஸ் ஐஜிஎம் (எதிர்ப்பொருள் சோதனை) அனுப்பிப் பணத்தை வீணாக்க வேண்டாம். வகை பிரித்துச் சொல்லும் ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் வைரஸ் என்றோ உடம்புக்குள் வந்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். இந்தத் தலைவலிக்குக் காரணம் அதுதான் என்று அது சொல்லாது.

---

தாலுகா_டாக்டர்:

எல்பி முடிந்தது. ஓப்பனிங் பிரஷர் 21 செ.மீ. செல் 265, லிம்போசைட் 94 சதவீதம், புரதம் 88, சர்க்கரை 61, ரத்தத்தில் 108, லாக்டேட் 2.1, கிராம் ஸ்டெயின் நெகட்டிவ். மூன்று நாளாக இரண்டு பிட்டத்திலும் சுரீர் சுரீரென்று வலி இருந்ததாம், கேட்ட பிறகுதான் சொன்னார். வலி மாத்திரை எதுவும் முன்னதாக எடுக்கவில்லை. பிசிஆர் நாளை மாலை வரும். அசைக்ளோவிர் ஆரம்பிக்கிறோம். டிரிப் போடும் முறையை யாராவது சரிபார்த்துச் சொன்னால் நர்ஸுகளுக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன்.

---

டிரிப்_ஸ்டாண்ட்:

கிலோவுக்கு 10 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒரு முறை. 55 கிலோவுக்கு 550 மி.கி. பருமனானவர்களுக்கு உண்மை எடையில் கணக்கிடாமல் உயரத்துக்கேற்ற எடையில் கணக்கிட வேண்டும், இவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

500 மி.கி. வயலை 20 மி.லி. ஸ்டெரைல் வாட்டரில் கரைத்தால் மி.லி.க்கு 25 மி.கி. 550-க்கு இரண்டாவது வயலிலிருந்து 2 மி.லி. சேர்த்து மொத்தம் 22 மி.லி. இதை 100 மி.லி. நார்மல் சலைனில் சேருங்கள். கடைசிச் செறிவு மி.லி.க்கு 7 மி.கி.யைத் தாண்டக் கூடாது, இதில் 5-க்குள் நிற்கும். குறைந்தது ஒரு மணி நேரம் ஓட வேண்டும். ஐந்து நிமிடத்தில் புஷ் செய்தால் சிறுநீரகக் குழாய்களில் மருந்து படிகமாக உறைந்து கிரியேட்டினின் (சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் கூடும் கழிவு) ஏறும். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளிலேயே அது தெரியும், அதனால் இன்று, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிரியேட்டினின். வாந்தியெடுத்துக் காய்ந்துபோயிருப்பவருக்கு முதலில் சலைன், பிறகு அசைக்ளோவிர். சிறுநீர் அளவை எழுதச் சொல்லுங்கள்.

கரைத்ததை ஃபிரிட்ஜில் வைத்தால் வெள்ளையாகத் திரியும். திரிந்ததைச் சூடாக்கிப் போடும் வேலை வேண்டாம், கொட்டிவிடுங்கள். கரைசலின் பிஹெச் 11 பக்கம், காரம். ஊசி நரம்பை விட்டு வெளியே போனால் தோல் வெந்துவிடும். புறங்கையில் உள்ள சன்னமான கேன்யுலாவில் போடாமல் முன்கையில் நல்ல நரம்பாகப் பாருங்கள்.

தலைவலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி எழுதியிருந்தால் அடியுங்கள். அசைக்ளோவிரோடு டைக்ளோஃபெனாக், அதோடு வான்கோமைசினும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்க அடி. பாரசிட்டமால் 1 கிராம் 6 மணிக்கொருமுறை, நாளுக்கு 4 கிராமுக்குள், வாந்திக்கு ஆன்டான்செட்ரான், இருட்டான அறை. இது போதவில்லை என்றால் டிரமடால் பக்கம் போகாதீர்கள், வலிப்பைத் தூண்டும், வாந்தியையும் கூட்டும்.

கிரியேட்டினின் கிளியரன்ஸ் 25-க்கும் 50-க்கும் நடுவில் விழுந்தால் 12 மணிக்கொருமுறை, 10 முதல் 25 என்றால் 24 மணிக்கொருமுறை. இதைச் சரிசெய்யாமல் விட்டால் நோயாளி நடுங்குவார், இல்லாததைப் பார்ப்பார், உளறுவார். அதைப் பார்த்து என்செஃபலைட்டிஸ் ஆகிவிட்டது என்று டோஸைக் கூட்டியவர்களும் உண்டு. உளறல் தொடங்கினால் முதலில் கிரியேட்டினின் பாருங்கள்.

---

தாலுகா_டாக்டர்:

பிசிஆர் வந்துவிட்டது. ஹெச்எஸ்வி-2 பாசிட்டிவ், மற்றதெல்லாம் நெகட்டிவ். சிபிநாட்டும் நெகட்டிவ். செஃப்ட்ரியாக்சோன், டெக்ஸா இரண்டையும் நிறுத்தலாமா? காய்ச்சல் இல்லை, தலைவலி பாதியாகிவிட்டது, ஆனால் இன்று காலை எழுந்து நின்றால் புதிதாகத் தலை வெடிக்கிறது என்கிறார். கணவரும் மாமியாரும் 'என்ன கிருமி, எப்படி வந்தது' என்று வாசலில் நிற்கிறார்கள். இதை எப்படிச் சொல்வது?

---

நரம்புமுடிச்சு:

கல்ச்சர் 48 மணி நேரம் நெகட்டிவ் என்றால் செஃப்ட்ரியாக்சோனை நிறுத்துங்கள், டெக்ஸாவை இப்போதே நிறுத்தலாம். டிபி மருந்துக்கு இனி இடமில்லை. டிபி கல்ச்சர் முடிவு மட்டும் ஆறு வாரத்தில் வந்து சேரட்டும், ஃபைலில் இருக்கட்டும்.

எழுந்தால் வெடித்து, படுத்தால் பதினைந்து நிமிடத்தில் குறைகிறது என்றால் அது எல்பி தலைவலி, நோய் திரும்பவில்லை. அசைக்ளோவிரைக் கூட்ட வேண்டாம். தண்ணீர், காபி, பாரசிட்டமால். ஆளை நாள் முழுதும் படுக்கவைத்தால் வராது என்பது பழைய நம்பிக்கை, படுக்கவைப்பதால் தடுப்பு எதுவும் இல்லை. வழக்கமான வெட்டு முனை ஊசிக்குப் பதில் பென்சில் முனை ஊசி பயன்படுத்தினால், ஸ்டைலட்டை (ஊசிக்குள் இருக்கும் கம்பி) திரும்பப் போட்டுவிட்டு ஊசியை உருவினால் இது குறையும். இரண்டு மூன்று நாளில் அடங்கவில்லை என்றால் மயக்கவியல் டாக்டரிடம் சொல்லி 20 மி.லி. அளவுக்கு எபிடியூரல் பிளட் பேட்ச் (அவர் ரத்தத்தையே எடுத்து முதுகில் செலுத்தி ஊசித் துளையை அடைப்பது).

தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இயல்பாகத் தோன்றும் யோசனைதான், ஆனால் செய்து பார்த்து ஏமாந்த யோசனை. ஸ்வீடன் ஆய்வாளர்கள் தலைமையில் 2012-ல் வெளிவந்த ஆய்வில் ஹெச்எஸ்வி-2 மெனிஞ்சைட்டிஸ் வந்த 101 பேருக்கு ஒரு வருடம் வாலசைக்ளோவிர் 500 மி.கி. இரண்டு வேளை அல்லது பொய் மாத்திரை கொடுத்தார்கள். அந்த ஒரு வருடத்தில் மெனிஞ்சைட்டிஸ் திரும்புவதில் வித்தியாசம் இல்லை. மாத்திரையை நிறுத்திய அடுத்த வருடம், மருந்து சாப்பிட்டவர்களுக்குத்தான் அதிகம் திரும்பியது. டோஸ் போதவில்லை என்று வாதிடுபவர்கள் உண்டு, அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனால் நாலு வருடத்தில் மூன்று தடவை வந்தவருக்கு நான் தினசரி மாத்திரை எழுத மாட்டேன். வருடத்துக்கே பல முறை வந்து வேலையே கெடுகிறது என்றால், முடிவு தேதி குறித்துக்கொண்டு முயற்சி செய்து பார்க்கலாம். இவருக்கு அதைவிடப் பொருத்தமானது: பிட்டத்தில் அந்தச் சுரீர் வலி தொடங்கியதுமே வாலசைக்ளோவிர் 1 கிராம் மூன்று வேளை ஆரம்பித்துவிட்டு உங்களிடம் வருவது. இதற்கும் ஆய்வுச் சான்று கிடையாது, ஆனால் கெடுதலும் குறைவு. கிரியேட்டினின் நார்மலாக இருந்தால் மட்டும்.

---

புறநோயாளி_வரிசை:

பால்வினை நோய்ப் பிரிவிலிருந்து. எப்படிச் சொல்வது என்ற கேள்வியில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

முதலில் நோயாளியிடம் மட்டும், தனியாக. 'டிரஸ்ஸிங் மாற்ற வேண்டும்' என்று சொல்லி மற்றவர்களை வெளியே அனுப்பியாவது. கணவரிடம் எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பது அவர் முடிவு. வாசலில் நிற்பவர்களுக்கு 'வைரஸ் மெனிஞ்சைட்டிஸ், டிபி இல்லை, மூச்சுக்காற்றில் பரவாது, தனி தட்டு தனி டம்ளர் வேண்டாம், குழந்தை பக்கத்தில் படுக்கலாம்' என்பது போதுமான பதில். அதில் ஒரு பொய்யும் இல்லை.

அவரிடம் சொல்லும்போது மூன்று விஷயம் தெளிவாக இருக்கட்டும். ஹெச்எஸ்வி-2 உடலுறவில் தோல் உரசிப் பரவுவது, இதை மறைக்க வேண்டாம். இது உள்ளே நுழைந்து பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும், தொற்று உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களிடம் இருப்பதே தெரியாது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லக்கூடிய பரிசோதனை உலகில் எங்கும் இல்லை. கணவருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்து 'யார் முதலில்' என்று தீர்மானிக்கலாம் என்று யாராவது லேபுக்கு அனுப்பினால் தடுத்து நிறுத்துங்கள். அவருக்குப் பாசிட்டிவ் வந்தாலும் நெகட்டிவ் வந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் அதில் இல்லை, வீட்டில் சண்டை மட்டும்தான் வரும்.

கணவருக்கு ஏற்கெனவே இல்லை, தொற்றக் கூடாது என்று இருவரும் கேட்டால் வழி இருக்கிறது. ஆணுறை, புண்ணோ எரிச்சலோ உள்ள நாட்களில் தவிர்ப்பது, தினம் வாலசைக்ளோவிர் 500 மி.கி. ஒரு வேளை. 1484 தம்பதிகளிடம் நடந்து 2004-ல் வெளிவந்த ஆய்வில் இந்த ஒரு வேளை மாத்திரை துணைக்குத் தொற்றுவதைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தது. அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் திரும்பத் திரும்ப, ஆனால் வருடத்துக்குப் பத்துக்கும் குறைவான தடவை வருபவர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். மேலே சொன்ன தடுப்பு வேறு, இது வேறு. இது மெனிஞ்சைட்டிஸைத் தடுக்க அல்ல.

மறுபடி கர்ப்பமானால் பேறுகால மருத்துவரிடம் இந்தப் பிசிஆர் முடிவைக் காட்ட வேண்டும். பழைய தொற்று என்பதால் குழந்தைக்கு ஆபத்து குறைவு. பிறப்புறுப்பில் புண் வரும் வழக்கம் இருந்தால் 36-ஆம் வாரத்திலிருந்து அசைக்ளோவிர் 400 மி.கி. மூன்று வேளை. வலி எடுக்கும் நேரத்தில் புண்ணோ, அது வருவதற்கான எரிச்சலோ இருந்தால் சிசேரியன்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'வைரல் மெனிஞ்சைட்டிஸ்' என்று மழுப்பி எழுதாதீர்கள். ஹெச்எஸ்வி-2 என்று எழுதினால்தான் அடுத்த தடவை வேறு ஊரில் மயங்கி விழுந்தாலும் டிபி மருந்து ஆரம்பிக்காமல் இருப்பார்கள். சங்கடம் என்றால் வீட்டுக்கு ஒரு சுருக்கமான சம்மரி, அவர் கையில் மட்டும் ஒரு முழு சம்மரி என்று இரண்டாகக் கொடுங்கள். முழு சம்மரியில் மூன்று எல்பியின் எண்களும் தேதியோடு வரிசையாக இருக்கட்டும்.

---

தாலுகா_டாக்டர்:

நன்றி. கடைசியாக ஒன்று: நாலாவது தடவை வந்தால் மறுபடி எல்பி செய்ய வேண்டுமா?

---

நரம்புமுடிச்சு:

அச்சு அசலாக இதே மாதிரி வந்து, நினைவு தெளிவாக இருந்து, காய்ச்சல் லேசாக இருந்து, இரண்டு மூன்று நாளில் குறைந்துகொண்டே போனால் தேவையில்லை. 102-க்கு மேல் காய்ச்சல், குழப்பம், வலிப்பு, ஒரு வாரம் தாண்டியும் ஏறிக்கொண்டே போகும் தலைவலி, இரட்டைப் பார்வை, சமீபத்தில் ஸ்டீராய்டு எடுத்தது, மூக்கிலிருந்து தெளிந்த நீர் ஒழுகுவது, இதில் எது இருந்தாலும் புதிய நோயாளி என்று நினைத்துக்கொண்டு எல்பியிலிருந்து தொடங்குங்கள். ஹெச்எஸ்வி-2 உள்ளவருக்கு நியூமோகாக்கஸ் (பாக்டீரியா மெனிஞ்சைட்டிஸ் கிருமி) வராது என்று எந்த விதியும் இல்லை.

வீட்டுக்குப் போனதும் சோர்வும் கவனக்குறைவும் சில வாரம் இருக்கும் என்று சொல்லி அனுப்புங்கள், இல்லாவிட்டால் பத்தாம் நாள் 'இன்னும் சரியாகவில்லை' என்று வேறொரு டாக்டரிடம் போய் எம்ஆர்ஐயிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்.